கயிறு எவ்வளவு நீளம் வேண்டும்? புயல் காலக் கேள்வி பதில்

அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30-ல் முடிகிறது, உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. ஆகஸ்ட் பிறந்தாலே ஃபுளோரிடாவிலிருந்தும் மெக்சிகோ வளைகுடாக் கரையின் மற்ற ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்ததில் பாதி படகைப் பற்றி, மீதி வீட்டைப் பற்றி, ஒன்றே ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா எழுதியது. நான் ஃபுளோரிடாவில், டாம்பா விரிகுடாக் கரையிலுள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 31 அடி பாய்மரப் படகு ஒன்றை 14 வருடமாக வைத்திருக்கிறேன். செய்து பார்த்ததையும் கண்ணால் பார்த்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அண்ணா, போன வருடம் 28 அடி பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். மரீனாவில் (படகு நிறுத்துமிடத்தில்) நிலையான மரத்துறையில்தான் நிற்கிறது. புயல் வந்தால் இரட்டைக் கயிறு போட்டு நன்றாக இறுக்கிக் கட்டிவிடுங்கள், ஒன்றும் ஆகாது என்கிறார் பக்கத்துப் படகுக்காரர். அது போதுமா?
– ஒரு வாசகர், சாரசோட்டா

இரட்டைக் கயிறு சரி. இறுக்கிக் கட்டுவதுதான் ஆபத்து. எல்லோரும் காற்றை நினைத்துக்கொண்டு கட்டுகிறார்கள், ஆனால் அசையாத துறையில் நிற்கும் படகை முதலில் கெடுப்பது தண்ணீர் ஏறுவது. 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் எங்கள் பக்கம் கரை ஏறவே இல்லை, நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே வடக்கே போய்விட்டது, இருந்தும் டாம்பா விரிகுடாவில் கடல் மட்டம் வழக்கத்தைவிட 6 அடிக்கு மேல் ஏறியது. இறுக்கிக் கட்டிய படகால் அந்த 6 அடியை ஏற முடியாது. ஒன்று கயிறு மாட்டியிருக்கும் கிளீட் பிடுங்கிக்கொண்டு வரும், இல்லாவிட்டால் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அதனால் கயிறு எவ்வளவு தடிமன் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். ஒரு சின்னக் கணக்கு, பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். பக்கத்துத் தூணுக்கு 3 மீட்டர் கயிறு போட்டிருக்கிறீர்கள், படகு 3 மீட்டர் மேலே ஏற வேண்டும் என்றால் அந்தக் கயிறு 4.2 மீட்டர் ஆக வேண்டும், எந்தக் கயிறும் அப்படி நீளாது, எது பலவீனமோ அது உடையும். அதே படகுக்கு 12 மீட்டர் தள்ளியிருக்கும் தூணிலிருந்து 12 மீட்டர் கயிறு போட்டிருந்தால், அதே 3 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 40 சென்டிமீட்டருக்கும் கீழே. கொஞ்சம் தளர்வு விட்டிருந்தால், நைலான் இழுபட்டு அந்த அளவை அதுவே கொடுத்துவிடும். நாலு மூலையிலிருந்தும் முடிந்தவரை தூரத்துத் தூண்களுக்கு, தூணின் உயரமான இடத்தில், சிலந்தி வலை மாதிரி கட்டுங்கள். பக்கத்து இடம் காலி என்றால் மரீனாவில் கேட்டுக்கொண்டு இரண்டு இடத்துக்கும் நடுவில் நிறுத்துங்கள், துறையை ஒட்டி நிறுத்தி, மோதாமல் இருக்க இடையில் தொங்கவிடும் ஃபெண்டர் மெத்தைகளைப் போட்டால் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், அவை முதல் ஒரு மணி நேரத்திலேயே வெளியே துள்ளிவிடும். புயல் நகர நகரக் காற்று திசை மாறும், புயலின் நடுவிலிருக்கும் கண் நம் மேலேயே கடந்து போனால் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும், ஆகவே இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஒரு பக்கம் மட்டும் பலமாகக் கட்டுவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் உரசல். கயிறு படகின் விளிம்பைத் தொட்டு வளைகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் அறுபடும். 2017-ல் இர்மா வந்தபோது அந்த இடங்களில் நான் தோட்டத்து ரப்பர் குழாயை வெட்டி மாட்டிவைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் குழாய்க்கு ஒன்றுமில்லை, உள்ளே இருந்த நைலான் உருகிப் பசை மாதிரி ஒட்டிக்கிடந்தது. நைலான் இழுபட்டுத் தளர்ந்து இழுபட்டுத் தளர்ந்து உள்ளுக்குள்ளேயே சூடாகும், மழைத்தண்ணீர் பட்டால் ஆறும், ரப்பர் குழாய் அந்தத் தண்ணீரை உள்ளே விடாது. முன்பக்கம் இரண்டாவது கயிறு இருந்ததால்தான் படகு தப்பித்தது. அன்றிலிருந்து கெட்டியான கான்வாஸ் துணி, பழைய தோல், பாலியஸ்டர் உறை, இவற்றைத்தான் சுற்றி, நகராமல் இரண்டு முனையிலும் தைத்துவிடுகிறேன்.

இன்னொன்று, பாய்மரப் படகுக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது. உங்கள் பாய்மரமும் பக்கத்துப் படகின் பாய்மரமும் நேருக்கு நேர் இல்லாமல் முன்பின்னாக நிற்கிறதா பாருங்கள். இரண்டு படகும் உருளும்போது மரங்கள் மேலே மோதிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம். ஒரு மீட்டர் முன்னே நகர்த்தினாலே போதும். பக்கத்துப் படகுக்காரரோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள், அவர் இறுக்கிக் கட்டியிருப்பதையும் அப்போதே தளர்த்தச் சொல்லலாம், ஏனென்றால் அவர் படகு அறுந்து வந்தால் மோதப்போவது உங்கள் படகில்.

பாயைச் சுருட்டிக் கயிறு சுற்றிவிட்டால் ஆகாதா? கழற்றித்தான் ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், கார்பஸ் கிறிஸ்டி

கழற்றித்தான் ஆக வேண்டும். முன்பாய் ஃபர்லர் என்ற சுருட்டும் உருளையில் சுற்றியிருக்கும்போது பார்க்க ஒல்லியாக, பத்திரமாகத்தான் தெரியும். காற்று ஒரு ஓரத்தைப் பிரித்துவிட்டால் மிச்சமெல்லாம் கூடவே அவிழ்ந்து, படபடவென்று அடித்து, பாய்மரத்தையே உலுக்கும், மரம் விழுவதோ படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போவதோ அதற்கப்புறம்தான். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நாலு மடங்கு ஆகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 30 கிலோ எடையாக அழுத்தும், 160 கிலோமீட்டர் என்றால் சுமார் 120 கிலோ. ஆகவே படகில் காற்றுக்கு முகம் காட்டுகிற எதையும் விடக்கூடாது. பாய்கள், வெயில் மறைப்புத் துணியும் அதன் கம்பிகளும், சோலார் தகடு, பின்னால் தொங்கும் டிங்கி என்ற சின்னப் படகு, பார்பிக்யூ அடுப்பு, எல்லாம் வீட்டுக்கு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதைத் தெரியாமல் வருடா வருடம் நாலு பேராவது மாட்டிக்கொள்கிறார்கள். ஃபர்லரில் இருக்கும் பாயை இறக்க வேண்டுமென்றால் முதலில் அதை முழுக்கப் பிரிக்க வேண்டும். காற்று கொஞ்சம் எழும்பிவிட்டால் துறையில் கட்டிய படகில் அதைப் பிரிக்கவே முடியாது. ஆகவே எல்லா வேலைக்கும் முந்திய வேலை இதுதான், புயல் இன்னும் மூன்று நாலு நாள் தள்ளி இருக்கும்போதே, விடியற்காலையில் காற்று அசையாத நேரத்தில் இறக்கிவிடுங்கள்.

கிளம்பும் முன்: அடியில் தண்ணீர் வரும் போகும் வால்வுகளை மூடுங்கள், ஆனால் நீங்கள் உட்கார்ந்து ஓட்டும் பள்ளத்திலிருந்து மழைத்தண்ணீரை வெளியேற்றும் வால்வுகளை மட்டும் திறந்தே வையுங்கள், அதில் இலை தழை அடைத்திருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். பேட்டரி முழுக்க சார்ஜ், படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்பு, மிதவையைத் தூக்கினால் ஓடுகிறதா, கரை மின்சார வயர் கழற்றியாயிற்றா. உள்ளும் வெளியும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் படகு ஃபோர்ட் மையர்ஸ் பக்கம். 2022-ல் இயன் வந்தபோது கரையில் தூக்கிவைத்த படகுகளும் விழுந்து கிடந்ததைப் பார்த்தோம். அப்புறம் எதற்குப் பணம் கொடுத்துத் தூக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கேப் கோரல்

உங்கள் கோபம் புரிகிறது. இயன் 2022 செப்டம்பர் 28-ல் 4-ம் பிரிவுப் புயலாக (5-ம் பிரிவுதான் உச்சம்), மணிக்கு 240 கிலோமீட்டர் காற்றோடு கயோ கோஸ்டா தீவில் கரை ஏறியது, ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரையில் தண்ணீர் 10 முதல் 15 அடி வரை வந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் வந்தால் தாங்கியில் நின்ற படகும் மிதந்துவிடும், பிறகு எங்கே இறங்குமோ யாருக்கும் தெரியாது.

இருந்தாலும் என் பதில், தூக்குங்கள். தண்ணீரில் நிற்கும் படகு மூழ்கலாம், அறுத்துக்கொண்டு போகலாம், துறை மேல் ஏறலாம், கரையில் இருப்பதற்கு மூழ்கும் ஆபத்து பெரும்பாலும் இல்லை. ஆனால் எங்கே, எப்படி நிறுத்துகிறார்கள் என்று போய்க் கேளுங்கள். பட்டறை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்? இரும்புத் தாங்கிகளின் கீழே பலகை போடுகிறார்களா, ஏனென்றால் இரண்டு நாள் மழையில் மண் ஊறித் தாங்கி ஒரு பக்கம் புதைந்தால் போதும், படகு சாயும், சாய்ந்தது அடுத்ததைத் தள்ளும், வரிசையே விழும். எதிரெதிர் தாங்கிகளைச் சங்கிலியால் பிணைக்கிறார்களா? தரையில் புதைத்த நங்கூரத்தோடு படகைப் பட்டையால் இழுத்துக் கட்டுகிறார்களா? இந்தக் கடைசி விஷயம் இருக்கும் பட்டறையைத் தேடிப் பிடியுங்கள், கொஞ்சம் கூடப் பணம் போனாலும் பரவாயில்லை. பாய்மரத்தையும் இறக்கிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது, பாய்மரப் படகு விழுவதே அந்த மரம் காற்றை வாங்குவதால்தான். இடத்தை மே மாதமே எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள், புயலுக்குப் பெயர் வைத்தபிறகு போன் செய்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

மிதக்கும் துறையில் நிறுத்தியிருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. துறை தண்ணீரோடு ஏறும், நல்ல விஷயம்தான், ஆனால் அது ஏறுவது தூண்களைப் பிடித்துக்கொண்டு. தூண் வழக்கமான நீர்மட்டத்துக்கு மேல் 3 மீட்டர்தான் இருக்கிறது, கடல் 4 மீட்டர் ஏறும் என்கிறார்கள் என்றால், துறை படகுகளோடு சேர்ந்து தூணுக்கு மேலே கழன்று மிதந்து போய்விடும். ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வாருங்கள்.

நங்கூரம் போட்டு, மாங்குரோவ் காட்டு ஓடைக்குள் நிறுத்துவது பாதுகாப்பா?
– ஒரு வாசகர், கீ லார்கோ

ஓரளவுக்கு. கணக்கில் எல்லோரும் செய்யும் பிழை, இன்றைய ஆழத்தை வைத்துச் சங்கிலி விடுவது. ஆழம் 3 மீட்டர், படகின் முன்முனை தண்ணீருக்கு மேல் 1 மீட்டர், கடல் ஏற்றம் 3 மீட்டர் என்றால் மொத்தம் 7, சங்கிலி அதற்குப் பத்து மடங்கு வேண்டும், 70 மீட்டர். ஏற்றத்தை விட்டுவிட்டு 4-ஐப் பத்தால் பெருக்கி 40 மீட்டர் விட்டவருக்குத் தண்ணீர் ஏறியபின் ஆறு மடங்குகூட இருக்காது.

ஆனால் எவ்வளவு நல்ல ஒளிவிடமாக இருந்தாலும் அதை எல்லோரும் தேடி வருவார்கள். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பராக்கிட்டா விரிகுடா பேர்போன புயல் ஒளிவிடம், 2017-ல் இர்மா போனபிறகு அங்கே வாடகைப் படகுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நம் கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து வந்த கேட்டமரான்கள்தான் அதில் நிறைய, அந்தப் படங்களைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. உங்கள் கயிறு நிற்கலாம், பக்கத்துக்காரர் கயிறு அறுந்தால்?

சார், வேலைக்காக இந்த வருடம்தான் சென்னையிலிருந்து டாம்பா வந்தோம். வாடகை வீடு, குழந்தைக்கு இரண்டு வயது. ஜன்னலில் பெருக்கல் குறி போல டேப் ஒட்டினால் போதும் என்கிறார்கள். வர்தா புயலைச் சென்னையில் பார்த்தவர்கள் நாங்கள், அதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு மோசம்?
– ஒரு வாசகி, டாம்பா

டேப் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை, உடைகிற கண்ணாடி இன்னும் பெரிய துண்டாகப் பறந்து வரும், அவ்வளவுதான். அந்த நேரத்தை வேறு எதற்காவது செலவழியுங்கள்.

வர்தாவோடு ஒப்பிடுகிறீர்கள், அதில் ஒரு வித்தியாசம் முக்கியம். 2016 டிசம்பரில் சென்னையில் மரங்கள் சாய்ந்தன, கம்பங்கள் விழுந்தன, ஆனால் நீங்கள் இருந்தது செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள வீடு, தலைக்கு மேலே இருப்பது பறந்துபோகும் என்ற எண்ணமே நமக்கு வராது. இங்கே கூரை என்பது மரச்சட்டம், அதன் மேல் ஒட்டுப்பலகை, அதன் மேல் தார் ஓடு. ஜன்னலோ கராஜ் கதவோ உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், உள்ளேயிருந்து மேல்நோக்கித் தள்ளும், வெளியே கூரை மேல் போகும் காற்று உறிஞ்சும், இரண்டும் சேர்ந்து கூரையைத் தூக்கிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், காற்றை நாமே உள்ளே அழைத்த மாதிரி ஆகும். 1992-ல் ஆண்ட்ரூ, ஹோம்ஸ்டெட் பக்கம் வீடு வீடாகக் கூரையைப் பிரித்ததற்குப் பிறகுதான் சட்டத்தை மாற்றினார்கள், புதிய ஃபுளோரிடா கட்டட விதிகள் 2002-ல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே வீட்டு உரிமையாளரிடம் முதல் கேள்வி, வீடு கட்டிய வருடம் என்ன? இரண்டாவது, ஷட்டர் இருக்கிறதா, இருந்தால் அதன் தகடுகளும் மரைகளும் எங்கே? (கராஜில் எங்கோ இருக்கும் என்பார், இன்றைக்கே போய் எண்ணிப் பாருங்கள், பாதி மரை இருக்காது.) ஷட்டர் இல்லையென்றால் முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த, 5/8 அங்குல ஒட்டுப்பலகை வாங்கி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் அளந்து வெட்டி, எண் போட்டு வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, கராஜ் கதவு புயல் காற்றுக்குத் தாங்கும் என்று சான்று பெற்றதா? வீட்டிலேயே பெரிய ஓட்டை அதுதான்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் முகவரி எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று மாவட்டத்தின் இணையதளத்தில் பாருங்கள். ஏ என்ற எழுத்து வந்தால் முதலில் வெளியேறச் சொல்லப்படுபவர்கள் நீங்கள், அப்படிச் சொன்னால் குழந்தையோடு கிளம்பிவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே அடிக்கடி சொல்வார்கள், காற்றிடமிருந்து ஒளிந்துகொள்ளலாம், தண்ணீரிடமிருந்து ஓடத்தான் வேண்டும் என்று. ஓடுவது என்றால் ஜார்ஜியா வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் 14 மணி நேரம் மாட்டிக்கொள்வது இல்லை, பத்து இருபது மைல் உள்ளே, மேடான இடத்தில், உறுதியான வீட்டில் இருக்கும் ஒரு நண்பர் போதும். தமிழ்ச் சங்கத்தில் யாரையாவது தெரியும் அல்லவா, புயல் இல்லாத இந்த வாரமே கூச்சப்படாமல் கேட்டுவையுங்கள்.

சாப்பாட்டுக்கு, கரண்ட் போனபிறகு அடுப்பில்லாமல் என்ன முடியுமோ அது. அவல், பொரி, வேர்க்கடலை, வாழைப்பழம், பருப்புப் பொடி, ஊறுகாய், குழந்தைக்குப் பால் பவுடர். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர், ஒரு வாரத்துக்கு. இட்லி மாவு அரைத்திருந்தால் கரண்ட் இருக்கும்போதே அவித்துத் தீர்த்துவிடுங்கள், மூடிவைத்த ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும், நிறைந்திருக்கும் ஃப்ரீசர் இரண்டு நாள். ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசை வையுங்கள், திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால் உள்ளே எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். தரையில் இருக்கும் கிரைண்டர், அரிசி மூட்டை, குத்துவிளக்கு, பாஸ்போர்ட், எல்லாம் மாடிக்கு அல்லது அலமாரியின் மேல்தட்டுக்கு. பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியும் துளசி மாடமும் வீட்டுக்குள்ளே வரட்டும், அவை உங்களுக்குச் செல்லம், காற்றுக்கு அவை வீசியெறியும் கல்.

மின்சாரக் காரோ ஸ்கூட்டரோ இருந்தால் அதை மேடான இடத்தில், வீட்டை ஒட்டாமல் நிறுத்துங்கள். உப்புத்தண்ணீரில் முங்கிய லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கும், ஹெலீனுக்குப் பிறகு எங்கள் பக்கம் அப்படி நடந்தது.

ஜெனரேட்டரை கராஜில் வைத்து, கதவைப் பாதி திறந்துவிட்டு ஓட்டலாமா?
– ஒரு வாசகர், லேக் சார்ல்ஸ்

கூடாது. பாதி திறந்தாலும் கூடாது, முழுக்கத் திறந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். 2020-ல் லாரா அடித்தபோது உங்கள் லூசியானாவிலேயே புயலைத் தாண்டி வந்தவர்கள் பலர் ஜெனரேட்டர் புகையில் இறந்தார்கள். வீட்டிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க. பேட்டரியில் ஓடும் எச்சரிக்கை மணி ஒன்றைப் படுக்கை அறையில் மாட்டுங்கள், இருபது முப்பது டாலர்தான் ஆகும்.

வெள்ளக் காப்பீடு இப்போது எடுத்தால் இந்தப் புயலுக்கு வருமா?
– ஒரு வாசகர், நேப்பிள்ஸ்

வராது. அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் கடல் ஏறி வந்த தண்ணீர் சேராது, நிறையப் பேருக்கு இது சேதத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. வீட்டுக் காப்பீட்டிலும் புயலுக்கென்று தனிக் கழிவு, அதாவது முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை, இருக்கும், 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. படகுக் காப்பீட்டுத் தாளையும் எடுத்துப் படியுங்கள், சில நிறுவனங்கள் படகைத் தூக்கும் செலவில் ஒரு பகுதியைத் தருகின்றன, கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை.

எல்லாம் சரி அண்ணா, எப்போது ஆரம்பிப்பது? கூம்புப் படத்தில் நம் ஊர் ஓரத்தில்தான் இருக்கிறது என்றால் காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், பிராடென்டன்

காத்திருக்காதீர்கள். மயாமியில் இருக்கும் தேசிய ஹரிகேன் மையம் போடும் அந்தக் கூம்பு, புயலின் நடுப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும் சொல்கிறது, அதுவும் மூன்றில் இரண்டு தடவைதான் உள்ளே அடங்கும். புயல் எவ்வளவு அகலம், தண்ணீர் எங்கே ஏறும் என்பதெல்லாம் அதில் இல்லை. இயன் டாம்பாவுக்கு வருகிறது என்றே சில நாள் பேசிக்கொண்டிருந்தோம், அது தெற்கே போய் இறங்கியது. மில்டன் 2024 அக்டோபர் 5-ல் உருவானது, 7-ம் தேதி 5-ம் பிரிவு, 9-ம் தேதி இரவு சியெஸ்டா கீயில் கரை ஏறியது. மொத்தமே நாலு நாள்.

நான் பார்ப்பது கரை ஏறும் நேரத்தை இல்லை. அதே மையம் இன்னொரு படம் போடுகிறது, மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று ஒவ்வொரு ஊருக்கும் எப்போது வந்து சேரும் என்று. அதுதான் கெடு. அதற்குப் பிறகு ஏணியில் ஏற முடியாது, பலகையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எச்சரிக்கை என்று அவர்கள் அறிவிக்கும்போது அந்தக் காற்றுக்கு 36 மணி நேரம்தான் மிச்சம், அதற்கு முந்தைய கண்காணிப்பு அறிவிப்பு 48 மணி நேரத்துக்கு முன். என் வீட்டில் வழக்கம் என்னவென்றால், கண்காணிப்பு அறிவிப்பு வரும்போது படகு வேலை முடிந்திருக்க வேண்டும். படகு முதலில், ஏனென்றால் அதற்கு அமைதியான காற்று வேண்டும், பாலங்களும் வேண்டும். மக்கள் வெளியேறத் தொடங்கியதும் கார் போக்குவரத்துக்காகத் தூக்குப் பாலங்களைத் திறப்பதை நிறுத்திவிடுவார்கள், உயரமான பாய்மரத்தோடு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். அடுத்த நாள் ஷட்டர், கராஜ், பெட்ரோல், பணம். கடைசி நாளை வீட்டு ஆட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மரீனா பக்கம் போகவே கூடாது என்பதில் என் மனைவி உறுதியாக இருக்கிறாள், அவள் சொல்வது சரி.

தம்பி, என் மகன் டாம்பாவில் இருக்கிறான். படகு வாங்கியிருக்கிறான், சேமிப்பெல்லாம் அதில்தான். புயல் வந்தால் படகிலேயே இருந்து கயிற்றைப் பார்த்துக்கொள்வேன் என்கிறான். மில்டன் வந்தபோது அங்கே கடல் உள்வாங்கிய படம் அனுப்பினான், எனக்கு 2004 நினைவு வந்து அன்று தூங்கவில்லை. ஏன் கடல் உள்வாங்கியது? அவனிடம் நான் என்ன சொல்வது?
– ஒரு தாய், நாகப்பட்டினம்

அம்மா, முதலில் கடல் விஷயம். அது சுனாமி இல்லை. வடக்கு அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது, உங்கள் வங்காள விரிகுடாவிலும் இங்கேயும் அப்படித்தான். மில்டன் டாம்பாவுக்குத் தெற்கே கரை ஏறியதால், டாம்பாவில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்தது, விரிகுடாத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டது. 2017-ல் இர்மா வந்தபோதும் இப்படித்தான், ஜனங்கள் தரை தெரிந்த விரிகுடாவில் இறங்கி நடந்தார்கள். நடக்கவே கூடாது, காற்று திரும்பினால் தண்ணீரும் திரும்பும். தெற்கே, கண்ணுக்கு வலப்பக்கம் இருந்த ஊர்களில் அதே நேரத்தில் கடல் ஏறிக்கொண்டிருந்தது. மில்டன் இன்னும் கொஞ்சம் வடக்கே போயிருந்தால் அந்த ஏற்றம் உங்கள் மகன் இருக்கும் இடத்துக்கு வந்திருக்கும்.

இனி அவன் சொன்னது. வேண்டாம் அம்மா. மற்றப் பல கேள்விகளுக்கு ஆனால், இருந்தாலும் என்று பதில் சொன்னேன், இதற்கு ஒரே சொல், வேண்டாம். 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகாபுல்கோவில் ஓட்டிஸ் என்ற புயல் ஒரே நாளில் 5-ம் பிரிவாக வலுத்துக் கரை ஏறியது. படகுகளைக் காப்பாற்றலாம் என்று உள்ளேயே இருந்த மாலுமிகள், கேப்டன்கள், தொழிலே அதுவாக இருந்தவர்கள், படகோடு போய்விட்டார்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றில் மேல்தளத்தில் நிற்க முடியாது, ஊர்ந்துதான் போகலாம், மழை கண்ணைத் திறக்கவிடாது, இழுபட்டு நிற்கும் கயிற்றை மனிதக் கையால் அவிழ்க்கவும் முடியாது, மாற்றிக் கட்டவும் முடியாது. உள்ளே இருந்து அவனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே செய்து முடிக்க வேண்டியவை, இந்தப் பக்கத்தை அவனுக்கு அனுப்புங்கள்.

2018-ல் கஜா வந்தபோது நாகையிலும் வேதாரண்யத்திலும் படகுகள் கரை மேலே தூக்கி வீசப்பட்டுக் கிடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். படகை இழந்த குடும்பம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சேமிப்பெல்லாம் அதில் என்கிறான், அந்த வலி எனக்கும் தெரியும். அதற்குக் காப்பீடு எடுத்திருக்கிறானா என்று கேளுங்கள்.

"பத்திரமாக இரு" என்று மட்டும் சொன்னால் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போவான். புயலன்று இரவு எந்த வீட்டில் படுப்பாய், யார் வீடு, கடலிலிருந்து எவ்வளவு தூரம், அவர்கள் போன் எண் என்ன, இந்த நாலையும் இன்றைக்கே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்த எண்ணுக்கே போன் போடுங்கள் அம்மா.